கை கால் காந்தல்: காரணமும் வைத்தியமும்

பென்னாகரம் பக்கத்தில் மாசி, பங்குனி வந்தால் வீட்டு வாசலெல்லாம் புளிதான். தட்டி, ஓடு நீக்கி, கொட்டை எடுக்கப் பெண்கள் காலை மடக்கி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அம்மாவுக்குக் கால் எரிச்சல் தொடங்கியது அப்படி ஒரு புளி சீசனில்தான். ராத்திரியில் பாயை விட்டு நகர்ந்து, உள்ளங்காலைச் சிமெண்ட் தரையில் ஒட்டி வைத்துக்கொண்டு படுப்பார். "காந்துதுடா" என்பார். ஈரத்துணி சுற்றுவார், விளக்கெண்ணெய் தடவுவார். "எல்லாம் சூடுதான், ரெண்டு வாரம் தலைக்கு எண்ணெய் வெச்சா அடங்கிடும்" என்று அவரே வைத்தியமும் சொல்லிக்கொள்வார். நாங்களும் நம்பினோம். மோர், இளநீர், ஊற வைத்த வெந்தயம் என்று இரண்டு வருடம் ஓடியது.

மூன்றாவது வருடம் எரிச்சல் தானாகவே குறைந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தச் சுவடு. அம்மாவின் குதிகாலில் கருவேல முள் ஏறி, உள்ளேயே முறிந்திருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 248.

எரிச்சல் தணிந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த மாதங்களில் அம்மாவின் பாத நரம்புகள் செத்துக்கொண்டிருந்தன. அன்று எங்களுக்கு இது தெரியாது. நான் மருத்துவர் இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடம் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தும், கேட்டும், படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் அதே விளக்கெண்ணெய்க் கிண்ணம் பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

சூடே இல்லாமல் எரிவது எப்படி?

பச்சை மிளகாய் நறுக்கிய கையை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் விரல் தீப்பட்டதுபோல எரியும். ஆனால் தொட்டுப் பார்த்தால் கை சாதாரணமாகத்தான் இருக்கும். விரலில் சூடு கொஞ்சமும் ஏறியிருக்காது. அப்படியானால் எரிவது எது?

நம் தோலுக்கு அடியில் மெல்லிய நரம்பு நுனிகள் இருக்கின்றன. அவற்றில் சூட்டை உணர்வதற்கென்றே ஒரு புரதம் உண்டு. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே கதவைத்தான் திறக்கிறது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. சேதி வந்தால் எரிச்சல். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு மிளகாய்க் காரத்தை வைத்தே இந்தப் புரதத்தை 1997-ல் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

மிளகாயும் இல்லை, நெருப்பும் இல்லை, ஆனாலும் கால் எரிகிறது என்றால், பெரும்பாலும் அந்த மெல்லிய நரம்பே பழுதாகியிருக்கிறது. தோல் உரிந்த மின்சார ஒயர் தானாகப் பொறி விடுகிற மாதிரி, அடிபட்ட நரம்பு காரணமே இல்லாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். சிலருக்கு அது எரிச்சலாகத் தெரியும். சிலர் ஊசி குத்துகிறது என்பார்கள், சிலர் எறும்பு ஊர்கிறது என்பார்கள். 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு', 'மதமதன்னு இருக்கு' என்பவர்களும் உண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் 'உரி' என்பார்கள், தெலுங்கு வீடுகளில் 'மண்ட' என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் நெருப்பு வந்துவிடுகிறது. இது ராத்திரியில் கூடும். போர்வை உரசினாலே தாங்காது.

'உடம்பு சூடு' என்று நம் பெரியவர்கள் சொன்னதை நான் குறைவாகப் பேசவில்லை. உணர்ந்ததைச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சூட்டை எண்ணெயால் இறக்கிவிடலாம் என்று காத்திருக்கும் நாளெல்லாம் உள்ளே இருக்கும் நோய்க்குப் போய்ச் சேர்கிறது.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். நரம்புக்கும் அதே கதைதான். உள்ளங்காலுக்கு வரும் நரம்பின் உயிரணு இடுப்புக்குப் பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால்விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அதற்கு வேண்டிய சத்து எல்லாம் அவ்வளவு தூரம் பயணம் செய்து வர வேண்டும். உடம்பில் எது கெட்டாலும், சர்க்கரை கூடினாலும், சத்து குறைந்தாலும், முதலில் வாடுவது இந்த நீளமான இழையின் கடைக்கோடி.

அதனால்தான் எரிச்சல் கால்விரல் நுனியில் தொடங்கிப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும், சாக்ஸ் போட்ட அளவுக்கு. முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் பொதுவாகக் கைவிரல் நுனி தொடங்கும். கைக்கு வரும் நரம்பு அதைவிடக் குட்டை என்பதால் கையின் முறை பிறகு வருகிறது.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் சமமாக எரிந்தால் உடம்பு முழுவதையும் பாதிக்கும் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கால் மட்டும், ஒரு கை மட்டும் என்றால் வழியில் எங்கோ ஒரு நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரை

இரண்டு கால் எரிச்சலுக்கு முதல் காரணம் சர்க்கரை நோய்தான். ரத்தத்தில் வருடக்கணக்கில் கூடி நிற்கும் சர்க்கரை நரம்பையும் கெடுக்கிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பொடி ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது. நோய் இருப்பதே தெரியாமல், கால் எரிச்சலை வைத்துத்தான் பலருக்குக் கண்டுபிடிக்கிறார்கள். அம்மாவுக்கு அதிக தாகமும் இல்லை, அடிக்கடி சிறுநீரும் போகவில்லை. கால்தான் முதலில் சொன்னது.

வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய் என்று கணக்கு. தொந்தரவு இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே, 'எல்லையில் இருக்கிறது' என்று சொல்லும் நிலையிலேயே சிலருக்கு எரிச்சல் தொடங்கிவிடுவதும் உண்டு.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை: கேழ்வரகுக் களி தின்றால் சர்க்கரை ஏறாது. களி நல்ல உணவு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் நிறைய. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயலில் நாள் முழுக்க உழைத்த தாத்தாவுக்கு இரண்டு உருண்டை செரித்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவர் அதே இரண்டு உருண்டையைத் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு சின்ன உருண்டை, அதோடு கீரை, பயறு, முட்டை என்று சாப்பிடச் சொல்லுங்கள். களியை விடச் சொல்லி யாரையும் வருத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரொம்ப நாள் கூடியே இருந்த சர்க்கரையை மருந்து கொடுத்து வேகமாகக் குறைக்கும்போது, சிலருக்குச் சில வாரம் எரிச்சல் அதிகமாகும். 'மாத்திரை போட்ட பிறகுதான் கால் எரியுது' என்று மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழி பார்ப்பார், எரிச்சலுக்குத் தனியாகவும் மருந்து தருவார்.

பி12 குறைவு, சத்துக் குறைவு

இதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் எளிது. அதனால்தான் இதைக் கோட்டை விடும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது. அந்த உறையைக் கெடாமல் வைத்திருக்கப் பி12 வைட்டமின் வேண்டும். இது இறைச்சி, மீன், முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறது. கேழ்வரகில் இல்லை, சாமையில் இல்லை, கீரையில் இல்லை. எவ்வளவு நல்ல காய்கறி தின்றாலும் வராது. ஈரலில் சில வருடத்துக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே தெரியும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. வயதானவர்களுக்கும், வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் உணவில் இருப்பது உடம்பில் சேராது.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பல வருடம் சாப்பிட்டால் பி12-ஐக் குறைக்கும். நல்ல மருந்துதான், அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரைக்காரருக்குக் கால் எரிந்தால் 'சர்க்கரையால்தான்' என்று முடித்துவிடாமல் பி12-ம் பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது சுற்று எரிச்சல் வந்தது இதனால்தான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, பி12 பாதாளத்தில் இருந்தது.

கூடவே சில அடையாளங்கள் இருக்கும். நாக்கு வழுவழுவென்று சிவந்து காரம் பட்டால் எரியும். காரணமில்லாத சோர்வு இருக்கும், மறதி வரும். கண்ணை மூடி முகம் கழுவும்போது தடுமாறும். குறைவு உறுதியானால் முதலில் ஊசி, பிறகு மாதம் ஒன்று அல்லது தினசரி மாத்திரை என்று தருவார்கள். சீக்கிரம் பிடித்தால் நன்றாகத் திரும்பும். வருடக்கணக்கில் விட்டால் தண்டுவடம்வரை கெட்டு, நடையே மாறிவிடும். ரத்தசோகைக்கு என்று ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ரத்தம் ஏறிவிடும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். அதனால் இரண்டையும் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதுதான் சரி.

சத்துக் குறைவால் கால் எரியும் என்பதற்கு நம் பக்கமே ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1826-ல் கல்கத்தாவில் கிரியர்சன் என்ற மருத்துவர் இந்த நோயை எழுதி வைத்தார். 1946-ல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் சி. கோபாலன். அதனால் இந்தக் கால் எரிச்சல் நோய்க்கு மருத்துவ நூல்களில் 'கிரியர்சன் - கோபாலன்' என்றே ஒரு பெயர் உண்டு. கோபாலன் 1918-ல் சேலத்தில் பிறந்தவர். அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைவரானார், நூறு வயது வாழ்ந்து 2019-ல் காலமானார். அரிசியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத ஏழைகளின் பாதத்தைப் பார்த்து, பி வகை வைட்டமின்களின் குறைவைச் சந்தேகப்பட்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த போர்க்கைதிகளுக்கும் இதே எரிச்சல் வந்தது. பட்டினிதான் காரணம்.

இன்று அந்த மாதிரிப் பட்டினியைக் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பார்க்கலாம். தினமும் குடிக்கிறவர் சோற்றைக் குறைத்துவிடுவார், உள்ளே போகும் கொஞ்ச நஞ்ச பி1 வைட்டமினையும் உடம்பு சரியாகச் சேர்த்துக்கொள்ளாது, சாராயம் தன் பங்குக்கு நேராகவே நரம்பை எரிக்கும். இவர்களுக்குக் குடியை நிறுத்தாமல் எத்தனை ஊசி போட்டாலும் பயன் இல்லை.

மற்ற காரணங்கள்

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கை கால் எரியும். சிறுநீரகம் கெட்டாலும் எரியும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் மாத்திரை பி6 வைட்டமினைக் குறைக்கும் என்பதால்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள்; அதை வேண்டாமென்று ஒதுக்கிவிடக் கூடாது. புற்றுநோய்க்கான சில மருந்துகளும், எச்.ஐ.வி. தொற்றும் இந்தப் பட்டியலில் உண்டு. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் சரியாகிவிடுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும்.

தொழுநோயைப் பற்றிப் பேசவே நம்மவர்கள் தயங்குகிறார்கள். தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்வில்லை, முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். காத்திருந்தால் விரல் மடங்கிவிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு என்றே இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள்? நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்க ஏற்றதில்லை. பல்லில் பழுப்புக் கறை, கழுத்தும் இடுப்பும் விறைத்துப்போவது, மூட்டு வலி, இவற்றோடு கை காலில் குத்தலும் எரிச்சலும் வரலாம். எலும்பு தடித்து நரம்பை நசுக்குவதும் உண்டு. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்தாலும், 'போர்த் தண்ணிதான் ருசி' என்று அதையே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட விறைப்போடு எரிச்சல் வந்தால் தண்ணீர்க் கதையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நரம்புக்குச் சம்பந்தமே இல்லாத எரிச்சலும் இருக்கிறது. விரல் இடுக்கில் சேற்றுப்புண், சிமெண்ட் கலந்த கை, மாங்காய் பறிக்கும் சீசனில் காம்புப் பால் பட்ட தோல். இங்கெல்லாம் தோல் சிவந்தோ உரிந்தோ இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது. காரப்பொருள் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

கை மட்டும் எரிந்தால்

காலில் ஒன்றும் இல்லை, கை மட்டும் ராத்திரியில் எரிந்து எழுப்புகிறது, உதறினால் கொஞ்சம் பரவாயில்லை என்றால் அது பெரும்பாலும் மணிக்கட்டு விஷயம். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதற்குள் போகும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் மரத்து எரியும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். இந்த ஒரு அடையாளமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

பால் கறக்கிறவர்கள், புளி தட்டுகிறவர்கள், தையல்காரர்கள், ஓசூர் கம்பெனிகளில் ஒரே பாகத்தை நாள் முழுக்கப் பூட்டுகிறவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு உள்ளவர்கள் இதில் அதிகம். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு படுத்தால் பலருக்கு ஆறு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். தீராவிட்டால் ஊசி, அதற்கும் மேல் சின்ன அறுவை சிகிச்சை. கட்டைவிரல் அடிச்சதை வற்றும்வரை காத்திருக்கக் கூடாது. கிருஷ்ணகிரிக் கல் குவாரிகளில் துளை போடும் இயந்திரம் பிடிக்கிறவர்களுக்கு அதிர்வினால் விரல் வெளுத்து, மரத்து, எரிவது வேறு வகை. அவர்களுக்கு இயந்திரத்தைப் பிடிக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

ஒரு கால் மட்டும் இடுப்பிலிருந்து இறங்கி எரிந்தால் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டை (டிஸ்க்) பார்ப்பார்கள்.

பரிசோதனை என்றால் என்ன செய்வார்கள்?

பயப்பட ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்த அணுக்களின் எண்ணிக்கை. முதல் சுற்றுக்கு இவை போதும். பாதத்தில் நைலான் இழை ஒன்றை வளைகிற அளவுக்கு அழுத்தி, 'தெரியுதா?' என்று கேட்பார்கள். அது 10 கிராம் அழுத்தம் தரும் இழை. அது தெரியாவிட்டால் காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம் என்று அர்த்தம். அதிர்வுக் கவையை (தட்டினால் அதிரும் இரும்புக் கவை) தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் சோதனை 'நார்மல்' என்று வந்தும் கால் எரியலாம். அந்தச் சோதனை தடித்த நரம்புகளைத்தான் அளக்கும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் அகப்படாது. 'ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, மனப்பிரமை' என்று வீட்டில் யாரையும் சொல்லிவிடாதீர்கள். எரிகிறது என்று சொன்னால் எரியத்தான் செய்கிறது.

வைத்தியம்

இரண்டு வேலை இருக்கிறது. காரணத்தைச் சரி செய்வது ஒன்று, அதுவரை எரிச்சலை அடக்கித் தூங்க வைப்பது இன்னொன்று. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்வதுதான் நாங்கள் செய்த தப்பு.

நரம்பு எரிச்சலுக்குப் பாரசிட்டமால் பெரிதாக உதவாது. டைக்குளோஃபெனாக் மாதிரி வலி ஊசிகளும் அப்படித்தான், அடிக்கடி போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. இதற்கென்று இருப்பவை அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், ப்ரீகாபலின், காபாபென்டின். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகள். செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு 'எனக்குப் பைத்திய மாத்திரை கொடுத்துட்டாங்க' என்று ஒரு பெரியம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். நரம்பு அனுப்பும் தப்பான சேதியை அவை தண்டுவடத்திலேயே தணிக்கும், அதற்காகத்தான் குறைந்த அளவில் தருகிறார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ப்ரீகாபலின் தூக்கமும் தலைசுற்றலும் தரும். ஆரம்பத்தில் வண்டி ஓட்ட வேண்டாம், ராத்திரி எழுந்து போகும் பெரியவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவே வேறு.

கேப்சைசின் களிம்பும் உண்டு. அதே மிளகாய்க் காரம்தான். முதல் சில நாள் எரியும், தொடர்ந்து தடவும்போது நரம்பு நுனி ஓய்ந்துபோய் எரிச்சல் குறையும். புண் உள்ள இடத்தில் தடவக் கூடாது, தடவிய கையைக் கண்ணில் வைக்கக் கூடாது.

மெடிக்கல் கடையில் 'நரம்புக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டு வாங்கும் வைட்டமின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. அவற்றில் பலவற்றில் பி6 இருக்கிறது. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனாலும் நரம்பு கெடும். எரிச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாகும் கொடுமை இது.

விளக்கெண்ணெய் தடவலாமா? தடவுங்கள். வெடிப்பு வராமல் காக்கும், தேய்த்துவிடும் கையின் இதமும் நல்லதுதான். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகும். மருதாணி குளிர்ச்சியாக இருக்கும், தவறில்லை. சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிடம் கால் வைக்கலாம். ஐஸ் கட்டி வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்வு குறைந்த காலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

உணர்வு குறைந்த காலுக்குக் காவல் வேண்டும். செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பரில் செய்தது) நல்லது, கால்விரல் இடுக்கில் வார் அறுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், கல்லோ தேளோ இருக்கலாம். வண்டியின் பின்னால் உட்காரும்போது சைலன்சரில் கால் படாமல் பார்க்க வேண்டும். ராத்திரி எலி கடித்தது தெரியாமல் காலையில் புண்ணோடு எழுந்தவர்கள் உண்டு. கொசுவலை கட்டிப் படுங்கள். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வேண்டிக்கொண்டிருந்தால், அம்மனிடம் வேறு வேண்டுதலாக மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்த கால் தணலில் இறங்கக் கூடாது. தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம்.

உடனே ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் மேலே மேலே ஏறினால், சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனால், விரல் கருத்தால், பாதத்தில் புண்ணோடு சிவப்பும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கக் காசு கிடையாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலரிடம் மாத்திரையை வாங்கிக்கொள்வதோடு, 'அம்மாவுக்குக் கால் காந்துது' என்பதையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது எரிச்சல் எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்று எல்லாரும் கேட்பார்கள். திரும்ப வளரக்கூடிய நரம்பே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர்தான் வளரும். பாதத்தின் கணக்கு மாதங்களில் நடக்கும், சில சமயம் வருடங்களில். அம்மாவுக்குப் பி12 ஊசி போட்டு நாலாவது மாதம் ராத்திரித் தூக்கம் திரும்பியது. அடுத்த வருடம் ஒரு நாள் வாசலில் இருந்தவர், "டேய், இங்க ஒரு கல்லு குத்துதுடா" என்று கூப்பிட்டார். இடது குதிகாலில் சின்ன ஜல்லி. வலது கால்விரல்கள் இன்னும் மதமதப்பாகத்தான் இருக்கின்றன. அந்தக் காலைத் தினமும் ராத்திரி என் மகள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.